படகு தாங்கும், வீட்டு ஆளுங்க தாங்கணுமே

கடலுக்குப் போலாமா வேணாமான்னு பாக்கறப்ப எல்லாரும் மொதல்ல தேடறது அலை உயரம். 1 மீட்டரா, சரி கிளம்பு. 2 மீட்டரா, அட விடு இன்னொரு நாள் பாத்துக்கலாம். வெதர் ஆப்ப தொறந்தா என் கண்ணும் நேரா அங்கதான் போகும், ஆனா வீட்டு ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போற அன்னைக்கு நான் முடிவு பண்றது அந்த நம்பர வச்சு இல்ல. அதுக்குப் பக்கத்துலயே சின்ன எழுத்துல செகண்ட்னு ஒண்ணு போட்டிருக்கும் பாருங்க, ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எவ்வளவு நேரம்னு, அதான் எனக்கு வேணும். 8 செகண்டுக்கு ஒண்ணுன்னு வர்ற 1 மீட்டர் அலைன்னா ஆழமான தண்ணில ரெண்டு முகட்டுக்கு நடுவுல சுமாரா 100 மீட்டர் இருக்கும், போட் ஏறுதா இறங்குதான்னே தெரியாது, குழந்தைங்க தூங்கிரும். அதே 1 மீட்டர் 4 செகண்டுக்கு ஒண்ணு வந்தா நடுவுல வெறும் 25 மீட்டர்தான். நேரம் பாதியானா தூரம் பாதியாகாது, கால்வாசியாயிரும், அதான் இதுல இருக்கற விஷயமே. எங்க போட் 7 மீட்டர் சொச்சம், ஒரு அலையில குத்தின மூக்க எடுக்கறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும்.

போடற உயரமும் அன்னைக்கு வர்ற பெரிய அலையோட உயரம் இல்ல. வர்ற அலைகள்ல பெரிய மூணுல ஒரு பங்க மட்டும் எடுத்து அதோட சராசரியத்தான் போடறாங்க. அதனால 1 மீட்டர்னு இருக்கற நாள்ல ரொம்ப நேரம் வெளிய இருந்தா 2 மீட்டர் கிட்ட ஒண்ணாவது வந்து சலாம் போட்டுட்டுத்தான் போகும். இது தெரியாதவங்க, ஆப் பொய் சொல்லிருச்சுன்னு ஆப்ப திட்டுவாங்க.

சரி, நாங்க போன கதைக்கு வரேன். பசங்களுக்கு லீவு, கரையோரமாவே ஒரு துறைமுகத்துல இருந்து அடுத்த துறைமுகத்துக்கு, 28 நாட்டிகல் மைல், கிலோமீட்டர்ல கிட்டத்தட்ட 52. நடுவுல ஒரு பெரிய முனை, கடலுக்குள்ள நல்லா நீட்டிக்கிட்டு நிக்கும், அத சுத்தி அந்தப் பக்கம் போயிட்டா ஒரு விரிகுடா, அப்புறம் நேர் கோடுதான். ஆளுங்க: நான், மனைவி, எங்கப்பா, பத்து வயசுப் பொண்ணு, ஆறு வயசுப் பையன், அப்புறம் மனைவியோட தம்பி. இன்ஜின்ல கை வைக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்ங்கறதால அவன் இல்லாம நான் நீளமா எங்கயும் போறதில்ல. விடியக்காலைல கிளம்பினா சுகமாத்தான் இருந்திருக்கும், ஆனா நாங்க இருந்த முகத்துவாரத்துல மணல் திட்டு, ஏத்தத்துல தண்ணி ஏறினாத்தான் போட் தரை தட்டாம வெளிய வரும். அன்னைக்கு அது ஒம்பது மணிக்கு மேல. காத்து மத்தியானத்துக்கு மேலதான் ஏறும், அதுவரைக்கும் 10, 12 நாட்டுன்னு (மணிக்கு ஒரு நாட்டிகல் மைல் வேகம்தான் ஒரு நாட்டு) போட்டிருந்தான், 5 செகண்ட் சொச்சம். அதுக்குள்ள முனைய தாண்டிரலாம்னு கணக்கு.

வெளிய வந்து அரைமணி நேரம் அருமை. 18 நாட்டுல பறக்குது, பையன் சீட்டுல நின்னு ஆடறான், அப்பா பழைய கதைய ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம்தான் ஜிபிஎஸ்ல ஒண்ணு கவனிச்சேன். த்ராட்டில, அதாவது வேகம் கூட்டிக் கொறைக்கற கைப்பிடிய, நான் தொடவே இல்ல, ஆனா வேகம் 18-ல இருந்து 20-க்கு வந்திருக்கு. மச்சான் எட்டிப் பாத்துட்டு, "மாமா, நீரோட்டம் திரும்பிருச்சு, நம்மள தள்ளிட்டுப் போகுது"ன்னான். சும்மா கெடைச்ச 2 நாட்டுன்னு சந்தோஷப்படற விஷயம் இல்ல இது. காத்து எதிர்ல இருந்து வருது, தண்ணி நம்ம கூட ஓடுது, அப்படின்னா காத்தும் தண்ணியும் ஒண்ணுக்கொண்ணு எதிரு. எதிர் ஓட்டத்துல மாட்டின அலை நெருங்கும், நெருங்கினா செங்குத்தாகும், முகட்டுக்கு முகடு இருக்கற தூரத்துல ஏழுல ஒரு பங்க உயரம் தொடறப்ப ஒடைஞ்சு கொட்டும். அதே காத்து, அதே இடம், ஓட்டம் மட்டும் திரும்பினதுக்கு கடல் ஆளே மாறிரும்.

காத்தும் சொன்ன நேரத்துக்குக் காத்திருக்கல. மொதல்ல அங்கொண்ணு இங்கொண்ணா வெள்ளை நுரை, கொஞ்ச நேரத்துல எங்க பாத்தாலும் நுரை, அப்பப்ப சாரல் மூஞ்சில. 1805-ல பிரான்சிஸ் போஃபர்ட்னு ஒரு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காத்த 0-ல இருந்து 12 வரைக்கும் வகை பிரிச்சு வச்சாரு. அப்ப அது பாய்க்கப்பலுக்கான கணக்கு, கடல் மேல்பரப்பு எப்படித் தெரியும்ங்கற விவரமெல்லாம் ரொம்பப் பின்னாடி சேத்தது. எனக்கு அதுல இந்த நுரைக் கணக்கு ஒண்ணு போதும். அங்கங்க நுரைன்னா 3, பரவலா நுரைன்னா 4, எங்கயும் நுரை கூடவே சாரல்னா 5, அதாவது 17-ல இருந்து 21 நாட்டு. எங்களுக்கு முன்னாடி தெரிஞ்சது 5. முனைக்கு இன்னும் 3 மைல் இருக்கு.

முனைங்க எப்பவுமே இப்படித்தான். கரையோரமா சாதாரணமா ஓடற தண்ணி முனைய சுத்தறப்ப ஒடுங்கி வேகமெடுக்கும், வர்ற அலையும் ஆழம் கொறைஞ்ச பக்கமா வளைஞ்சு முனையிலயே வந்து குவியும், போதாக்குறைக்கு பாறையில மோதித் திரும்பி வர்ற அலை வேற. மூணும் சேந்தா எந்தப் பக்கம் இருந்து அடி விழும்னே சொல்ல முடியாது. மேப்ல பாத்தா முனைய ஒட்டிப் போறதுதான் கிட்ட. நான் வெளிப்பக்கமா 2 மைலுக்கு மேல ஒதுங்கினேன்.

"ஏங்க, திரும்பிப் போயிரலாமே"ன்னு மனைவி கேட்டா. நியாயமான கேள்வி. வீட்டு ஆளுங்க போட்ல இருக்கறப்ப திரும்பறதுதான் புத்தின்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் பல நாள் திரும்பியிருக்கேன். ஆனா அன்னைக்குத் திரும்பினா எங்க போறோம்? அதே மணல் திட்டு முகத்துவாரத்துக்கு. இப்ப தண்ணி வத்திக்கிட்டிருக்கு, உள்ள இருந்து வெளிய வேகமா ஓடும், வெளிய இருந்து காத்து அலைய உள்ள தள்ளும், நடுவுல ஆழம் கொறைஞ்ச திட்டு. அலை உயரத்த விட ஆழம் கொஞ்சம்தான் அதிகம்ங்கற எடத்துல அலை கண்டிப்பா ஒடையும், அந்த ஒடையற அலைய முதுகுல வாங்கிக்கிட்டு உள்ள நுழையணும். முன்னாடி போனா முனைய தாண்டி விரிகுடா, வாய் அகலம், நல்ல ஆழம், காத்து மறைவு. மோசமான ஒரு மணி நேரம் முன்னாடி, மோசமான அஞ்சு நிமிஷம் பின்னாடி. அந்த அஞ்சு நிமிஷத்துலதான் போட் கவுரும். இத அப்படியே அவகிட்ட சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "சரி, போங்க. ஆனா மெதுவா"ன்னா.

மெதுவாத்தான் போனோம், 7, 8 நாட்டு. எதிர் அலையில போட் ஓட்டறது முழுக்க வலது கைல இருக்கு. முகட்டுல ஏற கொஞ்சம் த்ராட்டில், உச்சிக்கு வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடி விட்டுரணும், இல்லன்னா போட் காத்துல எழும்பி மறுபக்கம் பள்ளத்துல பட்டுன்னு விழும். நேருக்கு நேரா குத்தாம அணியத்த, அதாவது போட்டோட மூக்க, 30, 40 டிகிரி சாய்ச்சு வாங்கினா ஏத்தம் நீளமாகும், அடி கொறையும், ஆனா உருளல் கூடும். அப்பப்ப ரெண்டு மூணு பெருசு சேந்தாப்ல வரும், அதுக்கு மட்டும் கிட்டத்தட்ட நின்னுட்டு மூக்க நேரா காட்டிட்டு, போனதும் மறுபடி சாய்க்கணும். பக்கவாட்டுல மட்டும் வாங்கவே கூடாது. இதெல்லாம் கஷ்டம்னு சொல்ல மாட்டேன், கைக்கு வந்துரும். போட்டும் தாங்கும், அது இத விட மோசமானதெல்லாம் வாங்கறதுக்குன்னு செஞ்சதுதான். தாங்காதது உள்ள உக்காந்திருக்கற நம்மாளுங்கதான்.

உதாரணத்துக்கு எங்கப்பா. வயசு எழுபதுக்கு மேல. அவருக்கு பயமே இல்ல, அதுதான் என் பயம். எல்லாரும் கீழ எறங்கி பின்பக்கத் தரையில மெத்தைய போட்டு உக்காந்தாச்சு, இவரு மட்டும் முன் சீட்டுல கம்பிய புடிச்சுக்கிட்டு ஜம்முன்னு இருக்காரு. பஸ்ஸுல கடைசி சீட்டு எப்படித் தூக்கிப் போடுமோ போட்ல அது முன்பக்கம். வேகமா போற சின்ன போட்ல முன்னாடி உக்காந்தவங்க சீட்டுல இருந்து எழும்பி விழுந்து முதுகெலும்பு நசுங்கினது நெறைய நடந்திருக்கு, அதுவும் வயசானவங்கன்னா கேக்கவே வேணாம்.

"ப்பா, பின்னாடி வந்து கீழ உக்காருங்க."

"நான் என்ன சின்னப் புள்ளையா கீழ உக்கார? நீ ரோட்ட பாத்து ஓட்டு."

ரோடாம். இதுல நான் வாதாடப் போனா அலைய விட்டுருவேன். மனைவிதான் ஆள் புடிச்சா. "மாமா, இவன் என் கைல நிக்க மாட்டேங்கறான், கொஞ்சம் வந்து மடில வச்சுக்கிறீங்களா"ன்னா. பேரன்னதும் உடனே எழுந்தாரு. எழுந்த அந்த நொடியில போட் உருண்டுச்சு. மச்சான் அவரோட லைஃப் ஜாக்கெட் பட்டைய பின்னாடி இருந்து கொத்தா புடிச்சான், இல்லன்னா இடுப்பு நேரா சீட்டு முனையில போய் அடிச்சிருக்கும். அன்னைக்கு முழுக்க என் வயித்த கலக்கினது இந்த ஒரு நொடிதான், அலை எதுவும் இல்ல. இப்பல்லாம் அலை ஏறுறதுக்கு முன்னாடியே ஆளுங்கள இடம் மாத்திருவோம், ஏறின பிறகு யாரும் எழுந்திருக்கவே கூடாது, அவசியம்னா தவழ்ந்து போங்க.

அப்பாவுக்கு வாந்தியும் வரல. அதுல பெருமை வேற. கடல் மயக்கம் சின்ன வயசுல அதிகம், வயசாக ஆக கொறையும், ரெண்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு கிட்டத்தட்ட வரவே வராது, ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும்தான் உச்சம். எங்க வீட்ல ரெண்டும் அந்த வயசுதான். உள்காது ஆடறோம் ஆடறோம்னு சொல்லுது, கண்ணு போட்டோட தரையப் பாத்து ஆடலையேன்னு சொல்லுது, மூளைக்கு எத நம்பறதுன்னு தெரியல, வயிறு புரட்டுது. அதனாலதான் கேபினுக்குள்ள போய் படுக்கறேன்னு சொன்னா விடக்கூடாது, வெளிய காத்துல அடிவானத்த பாத்துக்கிட்டு இருக்கணும். மாத்திரைய கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே குடுத்தாத்தான் பலன், வாந்தி ஆரம்பிச்ச பிறகு குடுத்தா மாத்திரையும் சேந்து வெளிய வரும். சார்லஸ் டார்வின் 1831-ல பீகிள் கப்பல்ல ஏறி 1836 வரைக்கும் உலகத்த சுத்தினாரு, அவ்வளவு வருஷத்துலயும் இந்த மயக்கம் அவர விடவே இல்ல. நான் மேல சொன்ன போஃபர்ட் அளவ மொத மொதல்ல முறையா பயன்படுத்தினதும் அதே பயணத்துலதான்னு சொல்லுவாங்க, மேல ஒருத்தர் நம்பர் எழுத கீழ ஒருத்தர் வாந்தி எடுத்திருக்காரு. பையன் ரெண்டு தடவ எடுத்தான், அப்புறம் தாத்தா மடியிலயே நனைஞ்ச கோழியாட்டம் தூங்கிட்டான்.

பொண்ணுதான் அவஸ்தைப்பட்டா. மூஞ்சி வெளுத்து, பேச்சு நின்னு போச்சு. அவள என் பக்கத்துல நிக்க வச்சு, முட்டிய லேசா மடக்கிக்கோ, இந்தக் கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோ, எனக்கு அலைய பாத்துச் சொல்லுன்னேன். கார் ஓட்டறவனுக்கு வாந்தி வராது, பின்னாடி உக்காந்தவனுக்குத்தான் வரும், ஏன்னா அடுத்து வளைவு வருதுன்னு ஓட்டறவன் உடம்புக்கு முன்னாடியே தெரியும். அது இங்கயும் வேலை செய்யும். மொதல்ல முனகலா "வருது"ன்னா. அப்புறம் "சின்னது... சின்னது... நடுத்தரம்". பத்து நிமிஷத்துல குரல் மாறிருச்சு. "அப்பா பெருசு! இடது பக்கம், அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு!" அவ சொல்றதுக்கு நான் த்ராட்டில விடறேன், அவ முட்டி தானா மடங்குது. நான் பாக்காம விட்ட ரெண்டு மூணு அலைய அவதான் புடிச்சா, அவ மனச தேத்தறதுக்காக சொல்லல, நெசமாவே.

முனைக்கு நேரா வந்தப்பதான் ஆர்பிஎம் தானா எறங்குச்சு. ஏறுது, எறங்குது, இருமுது. நல்ல கடல்ல வருஷம்பூரா ஓடற இன்ஜின் கெட்ட கடல்ல நிக்கறதுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், டேங்க் அடியில பேசாம படிஞ்சு கெடந்த அழுக்கும் தண்ணியும் குலுக்கல்ல கலங்கி எரிபொருளோட சேந்து வரும். எங்களுக்கு வந்தது தண்ணி. ஃபில்டருக்குக் கீழ கண்ணாடிக் கிண்ணம் மாதிரி ஒண்ணு தொங்கும், மச்சான் டார்ச் அடிச்சு பாத்துட்டு, "மாமா, பாதி தண்ணி. நிறுத்தித்தான் எறக்கணும்"ன்னான். அந்த எடத்துல நிறுத்தினா போட் தானா பக்கவாட்டுல திரும்பிரும். அதுக்குத்தான் கடல் நங்கூரம் வச்சிருக்கோம், துணியில தச்சது, அணியத்துல கட்டி வீசினா தண்ணிய புடிச்சுக்கிட்டு மூக்க காத்துக்கு நேரா நிறுத்தும். அத நான் முன்னாடி தவழ்ந்து போய் போட்டேன், கயிறு இழுத்து நின்னதும் அவன் இன்ஜின நிறுத்தி, திருகாணிய தெறந்து ஒரு பழைய பாட்டில்ல எறக்கி, மூடி, ரப்பர் பல்ப அமுக்கி பெட்ரோல ஏத்தி, மறுபடி கிளப்பினான். கூடிப்போனா மூணு நாலு நிமிஷம் இருக்கும். பெட்ரோல் வாடைல மனைவிக்கும் வயிறு புரட்டிருச்சு, அதுவரைக்கும் தாங்கினவ. ஒரு கையால பையன புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால வாளிய புடிச்சுக்கிட்டு, "இன்னும் எவ்வளவு நேரம்? பத்து நிமிஷம்னு பொய் சொல்லாதீங்க"ன்னா.

நாப்பது நிமிஷம்னேன். இந்த விஷயத்துல நான் கறார். இதோ வந்துருச்சு, இதோ வந்துருச்சுன்னு சொல்லி ஆள இழுக்கற ஆளுங்க நெறைய பேர பாத்திருக்கேன், மூணாவது "இதோ"க்கு மேல போட்ல யாரும் நம்மள நம்ப மாட்டாங்க, அப்புறம் "கீழ உக்காரு"ன்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க. மச்சான் கரையில எங்கள எதிர்பாத்துட்டு இருந்தவங்களுக்கு ரேடியோ வழியா லேட் ஆகும், ஆளுங்க எல்லாம் நல்லா இருக்கோம்னு சொல்லி விட்டான், அது முக்கியம், இல்லன்னா சொன்ன நேரத்துக்கு வரலன்னு அங்க இருந்து தேட ஆரம்பிச்சிருவாங்க. ஆபத்துன்னா கூப்பிடற 16-வது சேனல் தொறந்தே இருந்துச்சு, கூப்பிட வேண்டிய அவசியம் வரல.

எரிபொருளும் இந்த மாதிரி நாள்லதான் பல்லக் காட்டும். வேகம் கொறைஞ்சா செலவு கொறையும்னு தோணும், ஆனா போட் பறக்கவும் முடியாம மெதக்கவும் முடியாம மூக்க தூக்கிக்கிட்டு தண்ணிய உழுதுக்கிட்டு போற வேகத்துல மைலுக்கு ஆகற பெட்ரோல் எக்கச்சக்கம். போக மூணுல ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மிச்ச ஒரு பங்கு தொடவே கூடாதுன்னு பழைய ஆளுங்க சொல்றது சும்மா இல்ல.

முனைய நல்லா தாண்டி, பெரிய அலை மூணு போற வரைக்கும் காத்திருந்து, இடைவெளில திருப்பினேன். இப்ப அலை முதுகுப் பக்கம். ஆட்டம் டக்குன்னு கொறையும், எல்லாரும் அப்பாடான்னு மூச்சு விடுவாங்க, ஆனா ஓட்டறவன் அசரக்கூடாத நேரம் அதுதான். பின்னாடி வர்ற அலை அமரத்த, அதாவது போட்டோட பின்பக்கத்த, தூக்கி மூக்க முன்னாடி பள்ளத்துல குத்த வச்சா போட் குறுக்க திரும்பிப் படுத்துரும். முன்னால போற அலையோட முதுகுல ஏறி, அத முந்தாம, பின்னாடி வர்றதுக்கும் சிக்காம அதோட வேகத்துலயே போகணும். அப்படியே விரிகுடா வாய் வரைக்கும் வந்தோம். உள்ள பாதி தூரம் போறதுக்குள்ள தண்ணி தட்டையாயிருச்சு, மலை மறைவுல காத்தே இல்ல. பையன் எந்திரிச்சு, வந்துட்டோமான்னு கேட்டான். அப்பா, "என்னடா இவ்வளவுதானா"ன்னாரு. யாரும் பதில் சொல்லல.

மிச்ச தூரம் அன்னைக்குப் போகல. அங்கயே நங்கூரம் போட்டு, அடுத்த நாள் விடியறதுக்கு முன்னாடி காத்து எறங்கினதும் முடிச்சோம். ஊர் திரும்பறப்ப ஆப்ல மறுபடியும் அதே மாதிரி காட்டுச்சு, மனைவியும் பசங்களும் ரோட்டு வழியா போயிட்டாங்க, போட்ட நானும் மச்சானும் கொண்டு வந்தோம். இத தோல்வியா நெனைக்கறவங்க இருக்காங்க. என்னைப் பொறுத்த வரைக்கும் குடும்பத்தோட கடல் போறவனுக்கு இருக்கற ஒரே பெரிய வசதி, வேணாம்னா ரோட்டுல போலாம்ங்கறதுதான்.

அப்புறம் போட்ல சில வேலை பாத்தோம். பின்பக்கத் தரைய ஒட்டி, உக்காந்திருக்கறப்ப கைக்கு எட்டற ஒசரத்துல கம்பி போட்டாச்சு, நிக்கறவங்களுக்கான கம்பி நெறைய இருந்துச்சு, கீழ உக்காந்தவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. டேங்க முழுசா எறக்கி கழுவினோம். பசங்க ஜாக்கெட்டுக்கு கால் நடுவுல மாட்டற பட்டை இருக்கறது எல்லாருக்கும் தெரியும், இப்பதான் மாட்டறோம், அது இல்லன்னா தண்ணில விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மேல வந்து குழந்தை கீழ நழுவிரும். கிளம்பறதா வேணாமாங்கற முடிவும் இப்ப என் ஒருத்தன்கிட்ட இல்ல. முந்தின நாள் ராத்திரி மனைவிகிட்ட மூணு விஷயம் காட்டணும்: எத்தனை செகண்ட், காத்து எந்தப் பக்கம், ஓட்டம் எப்ப திரும்புது. உயரத்த அவ கேக்கறதே இல்ல. போன வாரம் 4 செகண்ட்னு காட்டுச்சு, ஃபோன திருப்பிக் குடுத்துட்டா. நானும் மச்சானும் போய் போட்ட கழுவிட்டு வந்தோம்.